காற்று திரும்பிய சனிக்கிழமை

எங்கள் கம்பெனி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியை வரவழைத்துச் சிங்கப்பூர் ஹோட்டல்களுக்கு விற்று வந்தது. நான் அதன் கணக்குப் பிரிவில் இருந்தேன். சுத்த சைவம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் மேஜைக்கு வருவது காகிதம்தான், இறைச்சி இல்லை என்று நானும் சிரித்துவைப்பேன்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் மாதம் என்னை மெல்போர்னுக்கு அனுப்பினார்கள். அங்கே அது குளிர்காலம். சரக்கு கப்பலில் ஏறுவதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நான் போய் இறங்கிய அன்று துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. மேலாளரிடமிருந்து தந்தி வந்தது: ஹோட்டலை விட்டு எங்கும் போகாதே, எந்த நேரமும் வேலை தொடங்கலாம்.

நாள் போகப் போக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறையில் உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய் அதே டிராமில் திரும்பி வந்தேன். ஹோட்டல் சாப்பாட்டறையில் நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொன்னபோது, பரிமாறும் பெண் என் தட்டை உள்ளே கொண்டுபோய், இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, குழம்போடு மீதியைக் கொண்டுவந்து வைத்தாள். அன்பாகத்தான் செய்தாள். ரொட்டியும் ஜாமும் தின்று படுத்தேன்.

மூன்றாம் நாள் விக்டோரியா மார்க்கெட்டில் ஒரு கிரேக்கக் கடைக்காரரிடம் பச்சை மிளகாய் கேட்டுக்கொண்டிருந்தேன். சமைக்க அடுப்பில்லை, ரொட்டியோடு கடித்துக்கொள்ளத்தான். அவர் முஷ்டி அளவுக்கு ஒரு குடைமிளகாயை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அதில உறைப்பே இல்லை. இஞ்சால வாங்கோ."

நவரத்தினம் அண்ணனை அப்படித்தான் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். கோபர்க் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மழைக்கோட்டுக்குள் பென்சில் மாதிரி மெலிந்த ஆள். பேசும்போது என்னைப் பார்ப்பார், பிறகு மேகத்தைப் பார்ப்பார், மறுபடி என்னைப் பார்ப்பார். அன்று மாலையே வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அவர் மனைவி புஷ்பம் அக்கா புட்டும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தார். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். குசினிச் சுவரில் கடவுள் படத்துக்குப் பக்கத்தில் காற்றழுத்தமானி தொங்கியது. கொல்லையில் மழை அளக்கும் குவளையும், வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டியும் இருந்தன.

"இந்த வீட்டில கறி அடிப்பிடிக்குதோ எண்டு ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்றார் அக்கா. "அமுக்கம் விழுந்திட்டுதோ எண்டுதான் பாப்பினம். இவரைக் கதிரையில ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கோ பாப்பம்."

உண்மைதான். சாப்பாட்டுக்கு நடுவில் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. அடிலெய்டில் ஒருவர், டாஸ்மேனியாவில் ஒருவர். இவர்கள் யாரும் வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இல்லை. ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் வைத்தியர். தங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கம், அழுத்தம் எவ்வளவு, மேகம் எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லி, தாங்களே வரைபடம் போட்டு, பத்திரிகை சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று துடிப்பவர்கள். சிங்கப்பூரில் எங்களுக்கு இரண்டே வானிலைதான். மழை பெய்யும், இல்லாவிட்டால் பெய்யப்போகும். இதற்கு இத்தனை பேர் தூக்கம் கெடுவார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். ஹோட்டலில் இருந்து என்ன செய்வது. வியாழன் மாலை அங்கே கென் இருந்தார். டிராம் ஓட்டுபவர், சிவந்த பெரிய முகம், நவரத்தினம் அண்ணனின் வானிலைக் கூட்டாளி. இருவரும் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, தெற்குக் கடலிலிருந்து ஒரு பெரிய குளிர் கிளம்பி வருவதாக வளைகோடுகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைகளில் பனி கொட்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. எப்போது என்பதில்தான் வானொலியோடு ஒத்துப்போகவில்லை. வானொலி ஞாயிறு மாலை என்றது. இவர்கள் சனிக்கிழமை பிற்பகல் என்றார்கள்.

"நான் இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலம்" என்றார் அண்ணன். "பனி கிடக்கிறதைப் பாத்திருக்கிறன். விழத் தொடங்கிற நேரத்தில அங்க நிண்டதில்லை. போறதுக்கிடையில விழுந்து முடிஞ்சிடும். இந்த முறை முதல் துளிக்கு முன்னம் நான் மலையில நிக்கவேணும். நீங்களும் வாங்கோ தம்பி."

"ஹோட்டல விட்டுப் போகக் கூடாதுன்னு தந்தி வந்திருக்குண்ணே."

"சனிக்கிழமை ஆர் கப்பலில சாமான் ஏத்துவினம்?"

அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை கென்னின் பழைய வேனில் மாசிடன் மலைக்குப் புறப்பட்டோம். வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. வடக்கிலிருந்து இளஞ்சூடான காற்று. எனக்கே வேர்த்தது. புஷ்பம் அக்கா என் சட்டைக்கு மேல் சட்டை போட்டு அனுப்பியிருந்தார். புளிச்சோறு கட்டிக் கொடுத்தவர், "வெயிலில பனி பாக்கப் போகினம்" என்று வாசலில் நின்று சொன்னார்.

நகரைத் தாண்டியதும் சிறு தூறல் ஒன்று வந்தது. கென் கண்ணாடி துடைக்கும் கம்பியை ஓடவிட்டார். அது பாதி தூரம் போய் நின்றுவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, கம்பியின் இருபுறமும் கயிறு கட்டி, ஒரு முனையைத் தன் ஜன்னல் வழியாகவும் மறு முனையை என் ஜன்னல் வழியாகவும் கொண்டுவந்தார். அவர் இழுக்க, நான் இழுக்க, இப்படியே போனோம். அண்ணன் பின் இருக்கையில் கையடக்கமான ஒரு அழுத்தமானியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"விழுது. எதிர்பார்த்ததைவிடக் கெதியா விழுது."

உட்எண்ட் என்ற சிற்றூரில் தேநீருக்கு நிறுத்தினோம். நான் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினேன். பொன்னிறமாக, மொறுமொறுப்பாக, வந்த நாளிலிருந்து நான் தின்றதில் அதுதான் ருசி. பொட்டலத்தில் பாதி தீர்ந்தபோது அண்ணன் மெதுவாகச் சொன்னார், "தம்பி, உது மாட்டுக் கொழுப்பில பொரிக்கிறது." பொட்டலத்தைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கென் அதற்குள் தொலைபேசிக் கூண்டுக்குப் போயிருந்தார். அவர் தங்கை ரூத் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திரெந்தம் என்ற மேட்டு நிலத்தில் செம்மறி வளர்க்கிறார். புயல் வரும் போதெல்லாம் கென் அவருக்குச் சொல்வார், அவரும் கேட்டுச் சிரிப்பாராம். கூண்டிலிருந்து திரும்பியபோது கென்னின் முகத்தில் சிவப்பு இல்லை.

"வியாழக்கிழமை எல்லாவற்றுக்கும் கம்பளி கத்தரித்துவிட்டார்கள்" என்றார். "எல்லாம் சினை ஆடு. ஞாயிறு மாலைதான் புயல் என்று வானொலி சொன்னதை நம்பி, இன்று காலை பின்மேட்டுக்கு மேய விட்டிருக்கிறாள். புருஷன் முதுகுவலியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறான்."

எனக்கு விளங்கவில்லை. அண்ணன் விளக்கினார். கம்பளி இல்லாத ஆடு ஈரக் காற்றில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதைவிட மோசம், குளிர் காற்று அடிக்கத் தொடங்கினால் ஆடு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வேலி தடுக்கும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுமுட்டிச் சாகும். ரூத்தின் கொட்டகை அந்தக் காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது என்றார் கென். காற்று திரும்பிவிட்டால் ஒரு ஆட்டையும் அந்தப் பக்கம் நடத்த முடியாது.

"அங்கே போகிறேன்" என்றார் கென்.

"உன் தங்கை என்ன சொன்னாள்?" என்று கேட்டார் அண்ணன்.

"'போன வருடம் ஐந்து முறை பனி வரும் என்று சொன்னாய் கென், ஒருமுறையும் வரவில்லை' என்றாள்."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மேற்கே அடிவானத்தில் ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான். மலை வலது பக்கம், திரெந்தம் இடது பக்கம். மலைக்குப் போனால் அவர் இத்தனை காலம் காத்திருந்த நிமிஷம் அரை மணி நேரத்தில் கையில் இருக்கும். இருவரும் தெருவில் நின்று வாதாடினார்கள். கென் குரலை உயர்த்தினார். அண்ணன் உயர்த்தவில்லை.

"நாங்கள் பிழையெண்டால்?" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "சினைப்பட்ட ஆடுகளை வெறும் பட்டினியில கொட்டகையில பூட்டினதா முடியும். இந்த மனுஷனை அவள் வாழ்நாளுக்கும் நம்பமாட்டாள். தம்பி, இவ்வளவு நாளும் நான் சொன்னது பிழைச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. புஷ்பம் சிரிப்பா, அவ்வளவுதான்."

"சரியாப் போயிட்டா?"

அண்ணன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். கென் இடது பக்கம் திருப்பினார்.

ரூத் வாசலில் உருளைக்கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அகன்ற தோள், ஆண்கள் போடும் காற்சட்டை, சூரியனைப் பார்த்துச் சுருங்கிய கண்கள். கென்னைப் பார்த்தார், வானத்தைக் காட்டினார். "வெயில், கென்." பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் என்ன செய்கிறார்?" என்றார். ஆட்டிறைச்சி இறக்குமதி என்றேன். "அப்படியானால் உங்களுக்கும் இதில் அக்கறை இருக்கும்" என்று சிரித்தார்.

கென் படபடவென்று பேசினார். அவர் பேசப் பேச ரூத்தின் முகம் இறுகியது. நடுவில் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு அண்ணனிடம் கேட்டார்.

"நீங்கள்தான் அந்த ஆசிரியரா? நிச்சயமாகச் சொல்கிறீர்களா?"

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "இல்லை" என்றார். "நிச்சயம் இல்லை. ஆனால் அவை என் ஆடுகளாக இருந்தால் இப்போதே உள்ளே கொண்டுவருவேன்."

ரூத் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உருளைக்கிழங்கு வாளியை வைத்துவிட்டு, சுவரோரம் இருந்த நீண்ட ரப்பர் பூட்ஸ் ஜோடிகளை எங்கள் முன் எறிந்தார். எனக்குக் கிடைத்தவை அவர் புருஷனுடையவை. அதில் ஒன்றுக்குள்ளேயே என் இரண்டு கால்களும் நுழைந்துவிடும்.

பின்மேடு நினைத்ததைவிடத் தூரம். ரூத்திடம் ஒரு வயதான நாய் இருந்தது. அது ஒரு பக்கம் ஓட, நாங்கள் மறுபக்கம் கைகளை விரித்துக்கொண்டு நடந்தோம். ஆடுகளை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கிட்டப் பார்த்தேன். கம்பளி இல்லாமல் இளஞ்சிவப்பாக, கத்தி பட்ட கீறல்களோடு, வயிறு மட்டும் பெருத்து, குளித்துவிட்டுத் துணி தேடுபவர்களைப்போல் கூச்சத்தோடு நின்றன. வடக்குக் காற்று எங்களுக்கு உதவியாக இருந்தது. பெரிய மந்தை அசைந்து நகர்ந்தது. முன்னால் போன ஆடுகள் கொட்டகைச் சரிவில் ஏறத் தொடங்கியபோது, அநாவசியமாக ஓடுகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். முதுகில் வெயில் சுட்டது.

அப்போது காற்று நின்றது.

மரக்கிளை ஒன்றுகூட அசையவில்லை. ரூத் நின்று முகத்தைத் திருப்பினார். மேற்கே இருந்த சாம்பல் கோடு எங்கள் தலைக்கு மேல் சுவராக வந்துவிட்டிருந்தது. அடுத்த கணம் எதிர்ப்புறத்திலிருந்து காற்று மோதியது. குளிர்பெட்டியின் கதவைத் திறந்து அதற்குள் என்னைத் தள்ளிவிட்டதுபோல் இருந்தது. காது வலித்தது. கண்ணில் நீர் கட்டியது. கல் கல்லாக ஆலங்கட்டி.

மந்தையின் பெரும்பகுதி அதற்குள் கொட்டகை வாசலை எட்டிவிட்டது. கென் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பின்தங்கியவை அப்படியே திரும்பி, காற்றுக்கு முதுகைக் காட்டிக் கீழே ஓடின. நாய் குரைத்தது. அவை கேட்கவில்லை. அண்ணனும் ரூத்தும் நானும் பின்னால் ஓடினோம். என் பூட்ஸ் ஒன்று சேற்றில் நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது.

வேலி மூலையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. அடியில் இருப்பவற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை. ரூத் ஒன்றைப் பிடித்து இழுத்து என்னிடம் தள்ளினார். "தூக்குங்கள்" என்றார். எப்படித் தூக்குவது என்று நான் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். ஈரமாக, வழுக்கலாக, என்னை விடக் கனமாக இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஏதோ அசைந்து என் முழங்கையில் முட்டியது. நான் அதை விடவில்லை. கொட்டகை தூரம். வேலிக்கு அப்பால் ஒரு பைன் தோப்பு இருந்தது. ரூத் காற்சட்டைப் பையிலிருந்த குறடால் வேலிக் கம்பியை வெட்டினார். ஒவ்வொன்றாகத் தோப்புக்குள் இழுத்துப் போட்டோம். அண்ணன் மழைக்கோட்டைக் கழற்றி ஓர் ஆட்டின்மேல் போட்டிருந்தார். அவர் உதடு நீலமாகிவிட்டது.

"அண்ணே, கோட்டப் போடுங்க."

"குளிரேல்லை" என்றார். பல் அடித்துக்கொண்டது.

எப்போது ஆலங்கட்டி பனியாக மாறியதென்று எங்களில் யாருக்கும் தெரியாது. குனிந்திருந்தவன் நிமிர்ந்தபோது எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. துளிகள் பெரிதாக, சாய்வாக, சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஓர் ஆட்டின் பின்னங்காலை இழுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தலையை உயர்த்தி, கண் இமையிலிருந்த பனியைத் தோளில் துடைத்துவிட்டு, மறுபடி குனிந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் ரூத் அடுப்பில் கட்டையை அடுக்கிவிட்டு நேரே தொலைபேசிக்குப் போனார். அந்த வட்டாரத்தில் அந்த வாரம் கம்பளி கத்தரித்த பண்ணைகள் இன்னும் இருந்தன. மேற்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே காற்று திரும்பியிருக்கும். கிழக்கே உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். முதல் வீட்டில் பேசிய ரூத், பாதியில் தொலைபேசியை அண்ணனிடம் நீட்டினார். "என்னிடம் சொன்னதையே சொல்லுங்கள்."

அண்ணன் ஈரம் சொட்ட நின்றபடி பேசினார். வகுப்பில் பேசும் நிதானமான ஆங்கிலம். ஒரு வீட்டில் நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில், லெஸ் என்பவர், நீ யார், எந்த ஊர்க்காரன் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். அந்த முனையில் தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம் எனக்கும் கேட்டது. அண்ணன் மறுபடி எண்ணைக் கேட்டுக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

புளிச்சோற்றை நான்கு பேரும் பங்கிட்டோம். ரூத் ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வர, இது என்ன என்று கேட்டார். ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டார். பாதை மூடிவிட்டதால் அங்கேயே தங்கினோம். ஹோட்டலில் என்னைத் தேடுவார்கள் என்ற நினைப்பு ஒருமுறை வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

காலையில் பின்மேடு முழுவதும் வெள்ளை. கொட்டகையில் இருந்தவை பிழைத்திருந்தன. தோப்பில் சில எழவில்லை. வேலி மூலையில் பனிக்கு அடியில் நாங்கள் எடுக்கத் தவறியவை கிடந்தன. நான் தூக்கியது எது என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ரூத் ஒவ்வொன்றின் காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். அழவில்லை. "நிறையத் தப்பித்துவிட்டது" என்று கென்னிடம் சொன்னார். கென் தலையாட்டினார். போன வருடத்துப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. வயதான ஒருவர் இறங்கினார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. சமையலறைக்குள் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லெஸ்" என்றார் ரூத். "உட்காருங்கள்."

அவர் உட்காரவில்லை. "பாதிக்கு மேல் போய்விட்டது" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று நான் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. "நேற்றுப் பேசியது நீங்களா?"

"ஆமாம்."

"மீதி என் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. தீனி இல்லை. வெளியே விட வேண்டும்." ஜன்னல் வழியே பார்த்தார். மேகம் கிழிந்து ஒரு துண்டு வெயில் பனிமேல் விழுந்திருந்தது. "இன்று மாலை வானம் என்ன செய்யும்?"

அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தோளில் அடுத்தவருடைய சட்டை, காலில் அடுத்தவருடைய பூட்ஸ். வெளியே போய்க் காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றார். நானும் பின்னால் போனேன். கிழிந்த மேகத்துக்குப் பின்னால், தென்மேற்கில், இன்னொரு சாம்பல் கோடு இருந்தது. எனக்கும் அது இப்போது தெரிந்தது.

"தம்பி, என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"மறுபடியும் வருதுண்ணே."

"ஓம். வருது." மூச்சை இழுத்து விட்டார். உள்ளே திரும்பிப் போய் லெஸ்ஸின் முன்னால் நின்றார்.

"இருட்டுவதற்கு முன் மறுபடி வரும் என்று நினைக்கிறேன்" என்றார். "நேற்றைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். நிச்சயம் இல்லை."

லெஸ் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அப்படியானால் தீனியைத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்" என்றார். "என் மகன் ஊரில் இல்லை. எனக்கு ஆள் இல்லை."

ரூத் பூட்ஸை எடுக்கப் போனார். கென் ஏற்கெனவே எழுந்துவிட்டார். நான் என் காலுக்கு ஓரளவாவது பொருந்துகிற ஜோடி ஒன்றைத் தேடி எடுத்து, கயிற்றால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். டிராக்டரின் பின்புறத்தில் நானும் அண்ணனும் ரூத்தின் கொட்டகையிலிருந்து ஏற்றிய வைக்கோல் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயில் இன்னும் இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினோம்.